ஒரே படம், இரண்டு வயது

தன் அம்மா நடிக்கிறாள் என்பதற்குத் தனலட்சுமியிடம் அச்சடித்த ஆதாரம் இருந்தது. நாலு பக்கம், வழவழப்பான தாள், கலர் படம். சொந்த வீடு இருந்து அதற்கொரு பத்திரமும் இருந்திருந்தால் எங்கே வைத்திருப்பாளோ, அங்கே, பீரோவில் கல்யாணப் பட்டுக்கு அடியில் அதை வைத்திருந்தாள்.

அவளுக்கு நாற்பது வயது. பாளையங்கோட்டையில் தாலுகா அலுவலகத்தை ஒட்டியிருக்கும் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரில் பெயர்ப் பிழை, தகப்பன் பெயர்ப் பிழை, பிறந்த தேதிப் பிழை. ஊரார் பிழையை எல்லாம் பதினாலு வருஷமாகத் திருத்தித் திருத்தி, தன்னிடம் பிழையே வராது என்கிற நினைப்பு அவளுக்குள் நன்றாக வேர் பிடித்திருந்தது. புருஷன் தேவேந்திரன் டவுன் பஸ் டிரைவர். பிள்ளை கிடையாது. அம்மா சுடலைவடிவு கோபாலசமுத்திரத்தில் வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். முட்டு தேய்ந்து நடவுக்குக் குனிய முடியாமல் போனதும், மூன்று வருஷத்துக்கு முன் தனலட்சுமிதான் அழைத்துவந்து தன்னோடு வைத்துக்கொண்டாள். தம்பி மகாராஜன் கூடங்குளத்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தான். அவன் பங்குக்கு மாதம் இரண்டு தடவை போன் பண்ணுவான்.

வந்த இரண்டாம் வருஷம் அம்மாவிடம் சின்னச் சின்னக் கோளாறுகள் தெரிய ஆரம்பித்தன. காலையில் வாசலில் கோலம் போடுவாள். உள்ளே வந்து கோலமாவு டப்பாவைப் பார்த்ததும் மறுபடி போய், போட்ட கோலத்தின் மேலேயே இன்னொன்று போடுவாள். உலையில் தண்ணீர் ஊற்றாமல் அரிசியைக் கொட்டினாள். சாமான்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, கரண்டியும் சீப்பும் சாவியும் எல்லாம் "அந்த இது" ஆகிப்போயின.

தனலட்சுமி பயந்துபோனாள். அவள் கல்நெஞ்சக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த நாட்களில் அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, நகம் வெட்டிவிட்டு, ஒரே கேள்விக்கு ஒன்பது தடவை பதில் சொன்னவள் அவள். மாசி மாதத்தில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு டாக்டர் ஞானசிகாமணியிடம் கூட்டிக்கொண்டு போனாள். நரம்பு டாக்டர். வெளியே அறுபது பேர் காத்துக்கிடந்தார்கள் என்றால் உள்ளே போகிற ஒரு ஆளுக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

"அம்மா, ஒங்க பேரு என்ன?" என்று டாக்டர் கேட்டார்.

"சுடலைவடிவு."

"வயசு?"

"எழுபத்தி மூணு," என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி பட்டென்று சொன்னாள்.

சீட்டில் இருந்ததும் எழுபத்து மூன்றுதான். டாக்டருக்குத் திருப்தி. இப்போது என்ன மாதம் என்று கேட்டதற்கு, "நடவெல்லாம் முடிஞ்சிட்டுல்லா" என்றாள். மூன்று சாமான்களின் பெயரைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒன்றைச் சொன்னாள். மற்ற இரண்டுக்கும் சிரித்தாள்.

"கொஞ்சம் மறதி இருக்கு. ஆனா இது இந்த வயசுக்கு உள்ளதா, அதுக்கு மேலயான்னு தெரியணும்," என்றார் டாக்டர். "மூளையை ஒரு படம் எடுத்துப் பாத்திருவோம்."

ஸ்கேன் சென்டரில் காப்பீட்டு அட்டையை நீட்டியதும் ஆதார் எண் வழியாகப் பெயர், முகவரி, வயது எல்லாம் திரையில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன. அம்மாவைப் படுக்க வைத்து, தலையைச் சின்னக் கூண்டுக்குள் வைத்து, குழாய் மாதிரி இருந்த மிஷினுக்குள் தள்ளினார்கள். அரைமணி நேரம் அது தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. படம் எடுக்கிற பையன் என்று சொல்லலாகாது, முப்பத்தைந்து வயது ஆள், பெயர் பாக்கியசீலன். சாந்தமான மனுஷன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற தனலட்சுமிக்கு அவன்தான் விவரம் சொன்னான்.

"மறதி நோய் வந்தா, காதுக்கு உள்பக்கம் ரெண்டு சின்னத் துண்டு இருக்குல்லாக்கா, அதுதான் மொதல்ல சுருங்கும். முன்னால எல்லாம் டாக்டருமாரு கண்ணால பாத்துச் சொல்லுவாவ. இப்போ கம்ப்யூட்டரே அதை அளந்து, அதே வயசுல உள்ள ஆயிரக்கணக்கான ஆளுவ படத்தோட ஒத்துப் பாத்துச் சொல்லிருது. கண்ணு ஏமாறும், இது ஏமாறாது."

இதைத் தனலட்சுமிக்குச் சொல்லவே வேண்டாம். கம்ப்யூட்டர் என்ன சொல்கிறதோ அதுதான் உண்மை என்று வாழ்கிற ஜாதி அவள். கண் எதிரே உயிரோடு நிற்கிற ஆளைக்கூட, "சிஸ்டம் எடுக்க மாட்டேங்கு, நாளைக்கு வாங்க" என்று எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியவள்.

ரிப்போர்ட் வந்தது. எழுபத்து மூன்று வயதுப் பெண்கள் நூறு பேரை அந்தத் துண்டின் அளவுப்படி சிறிதிலிருந்து பெரிதாக வரிசையில் நிறுத்தினால், சுடலைவடிவு இருபத்தேழாவது ஆள். பச்சைப் பட்டைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. வயதுக்கு ஏற்ற இயல்பு நிலை என்று கீழே ஒரு வரி.

"படத்துல பயப்படும்படியா ஒண்ணும் இல்ல," என்றார் டாக்டர். "ஆனா படத்தை மட்டும் வச்சு முடிவு கட்ட முடியாது. ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, மறுபடி பாப்போம்."

முதல் வரியோடு தனலட்சுமியின் காது அடைத்துக்கொண்டது. வெளியே வந்து பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போட்டாள். மகாராஜனுக்குப் போன் பண்ணினாள். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேம்லா" என்றான் அவன். அவன் எப்போது என்ன சொன்னான் என்று அவளுக்கு நினைவில்லை. ஆனால் சந்தோஷத்தில் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

சந்தோஷம் பத்து நாள் இருந்தது. பதினோராவது நாள், கோலத்தின் மேல் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தபோது வேறு ஒரு நினைப்பு வந்தது. மூளையில் ஒன்றும் இல்லை என்றால், இவள் எதற்கு இதெல்லாம் செய்கிறாள்? அந்த நினைப்பு ஒருமுறை வந்த பிறகு எல்லாமே அதற்குத் தோதாகத்தான் தெரிந்தது. கேட்டதையே கேட்கிறாளா, எரிச்சல் மூட்டுவதற்காகக் கேட்கிறாள். தேவேந்திரனை யாரோ மாதிரி பார்க்கிறாளா, மருமகனை மட்டம் தட்டுகிறாள். நேற்றுச் சாப்பிட்ட சொதியை இன்று சாப்பிடவே இல்லை என்கிறாளா, மகளுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறாள்.

சித்திரை மாதம் அது உச்சத்துக்கு வந்தது. ஒருநாள் காலை பதினொரு மணி. சான்றிதழ் வாங்க நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். சுடலைவடிவு வீட்டிலிருந்து நடந்தே தாலுகா அலுவலகத்துக்கு வந்து, இ-சேவை மைய வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"எம் மவ எனக்கு மூணு நாளா சோறு போடல அய்யா. பட்டினியாக் கெடக்கேன். யாராவது ஒரு வாய்ச் சோறு குடுங்க."

வரிசையில் நின்ற ஒரு பெண் தன் பையிலிருந்த இட்லியைப் பிரித்துக் கொடுத்தாள். சுடலைவடிவு அதை வாங்கி, நாலு நாள் பட்டினி மாதிரி அள்ளி அள்ளித் தின்றாள். காலையில் எட்டரை மணிக்கு ஐந்து தோசை சாப்பிட்ட வயிறு. துணைத் தாசில்தார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நம்ம தனலட்சுமி அம்மையா?" என்று யாரோ கேட்டார்கள். யாரோ சிரித்தார்கள். தனலட்சுமிக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து ரிப்போர்ட்டை எடுத்து அம்மாவின் முன்னால் போட்டாள்.

"ஒனக்கு ஒண்ணும் இல்லன்னு மிஷினே சொல்லிட்டு. எல்லாம் நடிப்பு. நாலு பேரு முன்னால எம் மானத்த வாங்கிட்டேல்லா? செஞ்சது தப்புன்னு ஒன் வாயால சொல்லுத வரைக்கும் நான் ஒங்கிட்டப் பேச மாட்டேன். இது சத்தியம்."

பேச்சை நிறுத்துவது அந்தக் குடும்பத்தில் பரம்பரைச் சொத்து. வேறு சொத்து இல்லாததால் இதை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றி வந்தார்கள். சுடலைவடிவே தன் கூடப்பிறந்த அண்ணனிடம் ஒரு கிடாய் விஷயமாக ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தவள்தான். அதற்கென்று முறைகள் உண்டு. சோறு போடலாம், துணி துவைத்துக் கொடுக்கலாம், காய்ச்சல் என்றால் கஷாயம் வைக்கலாம். முகம் பார்த்து வாய் திறக்கக் கூடாது. சொல்லியே தீரவேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லலாம். வேறு ஆள் இருந்தால் அந்த ஆளிடம் சொல்லலாம். யார் மேல் தப்போ அவர்கள்தான் முதலில் பேசவேண்டும். தப்பை ஒப்புக்கொண்டு பேசவேண்டும்.

முதல் வாரம் சுடலைவடிவு மகளின் பின்னாலேயே திரிந்தாள். "ஏட்டி, ஏன் பேச மாட்டேங்க?" என்று அடுப்படியில் கேட்டாள். துணி காயப்போடும் இடத்தில் கேட்டாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். ஒருநாள் அழுதேவிட்டாள். "நான் என்ன தப்புச் செஞ்சேன்னு சொல்லு தாயி. சொன்னா மாப்புக் கேட்டுக்கிடுதேன்."

தெரியாத மாதிரி கேட்கிறாள் பார், என்று தனலட்சுமிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. சுவரைப் பார்த்து, "நாடகம் போடுதவங்க போடட்டும்" என்றாள்.

தேவேந்திரனுக்கு இது பொறுக்கவில்லை. "ஏ தனம், பெத்தவ. பைய ஒரு வார்த்தை பேசுனா என்ன கொறஞ்சா போவ?" என்றான்.

"ரிப்போர்ட்டப் பாத்தீங்கள்லா? அதுக்கு மேல ஒங்களுக்குத் தெரியுமா?"

தேவேந்திரன் டிரைவர். கலர்ப் படத்தோடு எதிர்வாதம் செய்ய அவனிடம் என்ன இருக்கிறது? டூட்டிக்குப் போனான். அவன் இருக்கிற நேரத்தில் மட்டும் மாமியாரிடம் இரண்டு வார்த்தை பேசுவான். காலை நாலரைக்குப் போனால் அவன் வந்து சேர ராத்திரி எட்டு மணி ஆகும்.

ஆனி போனது, ஆடி போனது. சுடலைவடிவு கேட்பதை நிறுத்திவிட்டாள். மகள் தட்டை வைத்தால் சாப்பிட்டாள். தண்ணீர் எடுத்துவைத்தால் குளித்தாள். சில நாள் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரிப்பாள். "சாப்பிட்டியா தாயி" என்று கையால் சாடை காட்டிக் கேட்பாள். பதில் வராது. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பித் தனக்குத் தானே ஏதோ முணுமுணுப்பாள். ஆவணிக்குப் பிறகு அந்த முணுமுணுப்பும் குறைந்தது. வீம்பு, என்று தனலட்சுமி நினைத்தாள். நானும் உன் மகள்தான், உனக்கு இருக்கிற வீம்பு எனக்கு இருக்காதா? டாக்டர் ஆறு மாதத்தில் வரச்சொன்ன தேதி வந்தது, போனது. நன்றாக இருக்கிற ஆளை ஆஸ்பத்திரிக்கு இழுப்பானேன்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கோபாலசமுத்திரத்திலிருந்து மாரிக்கண்ணு இ-சேவை மையத்துக்கு வந்தாள். சுடலைவடிவின் கூட்டாளி. இருவரும் ஒரே வயலில் ஒரே வரிசையில் முப்பது வருஷம் நாற்று நட்டவர்கள். கையில் ஒரு மஞ்சள் பை, பையில் ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, நாலு வெற்றிலை.

"வாங்க சித்தி," என்றாள் தனலட்சுமி. "என்ன இம்புட்டுத் தூரம்?"

"முதியோர் பணத்துக்கு எழுதிப் போடணும் தாயி. அடுத்த தைக்குத்தான் அறுவது முடியுதாம். அதுவரைக்கும் பொறுக்கணும்னு வியேஓ சொல்லுதாரு. கார்டுல ஒரு வயச மட்டும் கூட்டிப் போட்டுத் தா."

"அதெல்லாம் இப்போ முடியாது சித்தி. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டு, பிறப்புச் சான்று எல்லாம் கேக்கும். சிஸ்டம் எடுக்காது."

மாரிக்கண்ணு சிரித்தாள். வெற்றிலைக் காவி ஏறிய பல்.

"ஒங்க அம்மைக்குப் பதினாலு வயசு கூட்டிப் போட்டவளுக்கு, எனக்கு ஒண்ணே ஒண்ணு கூட்ட முடியலியாக்கும்?"

"பைய பேசுங்க சித்தி," என்று தனலட்சுமி சுற்றிலும் பார்த்தாள்.

"அவளும் நானும் ஒரே வாரத்துல சமைஞ்சோம். எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் சடங்கு வச்சாவ. எனக்கு அம்பத்தொம்பதுன்னா அவளுக்கு மட்டும் எப்படி எழுபத்தி மூணு வந்துச்சு? நல்ல கதையா இருக்கே!"

தனலட்சுமியின் விரல்கள் கீபோர்டு மேல் அப்படியே நின்றன.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள்தான் அதைச் செய்தாள். அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. செத்தாரா, இன்னொரு குடும்பம் வைத்தாரா, ஒரு தகவலும் கிடையாது. விதவைப் பணம் கேட்டால் இறப்புச் சான்று கொண்டா என்றார்கள். கைவிடப்பட்டவள் என்றால் கோர்ட்டுக் காகிதம் கொண்டா என்றார்கள். முதியோர் பணத்துக்கு மட்டும்தான் வயது போதும். அப்போது ஊர் ஊராக ஆதார் முகாம் நடந்தது. கோபாலசமுத்திரம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது தனலட்சுமியேதான். பிறந்த தேதிக்கு யாரிடமும் சான்று கிடையாது. வாயால் சொல்வதுதான் கணக்கு. அம்மாவின் முறை வந்தபோது நாற்பத்தேழை அறுபத்தொன்று ஆக்கினாள். வெயிலில் வெந்த முகம், முன்பல் இரண்டு இல்லை, யாரும் சந்தேகப்படவில்லை. அம்மாவுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தாள். யார் எப்போது கேட்டாலும் கார்டில் உள்ள வயதையே சொல்லவேண்டும். வருஷா வருஷம் ஒரு வயதைக் கூட்டிப் புதுசாக மனப்பாடம் செய்யவைத்தாள். பன்னிரண்டு வருஷம் எல்லா விண்ணப்பத்திலும் அந்தத் தேதியைத் தட்டித் தட்டி, அது பொய் என்பதே தனலட்சுமிக்கு மறந்துபோயிருந்தது.

டாக்டரிடம் அம்மா பிழையில்லாமல் சொன்ன ஒரே பதில் மகள் சொல்லிக்கொடுத்த பொய்.

"என்ன தாயி, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள் மாரிக்கண்ணு.

தனலட்சுமி எழுந்தாள். பக்கத்து இருக்கைக்காரியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து ஸ்கேன் சென்டருக்குப் போனாள்.

பாக்கியசீலன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தான். வரிசையில் நிற்பவர்கள் தன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதுபோல் அவளும் நின்றாள். "தம்பி, எங்க அம்மைக்கு வயசு தப்பாக் குடுத்திட்டோம். நெசத்துக்கு அம்பத்தொம்பதுதான். மறுபடி படம் எடுக்கணும்."

"எப்போ எடுத்ததுக்கா?"

"மாசியில."

அவன் தூக்கை மூடி வைத்துவிட்டு வந்தான். "படம் மறுபடி எடுக்க வேண்டாம். பழைய படமே உள்ள கெடக்கும். வயச மாத்திப் போட்டா அதுவே ஒத்துப் பாத்துரும்."

திரையில் அம்மாவின் தலை வந்தது. சாம்பல் நிறத்தில், குறுக்கே வெட்டிவைத்த மாதிரி. வயது என்ற கட்டத்தில் எழுபத்து மூன்றை அழித்து ஐம்பத்தொன்பது என்று அடித்தான். இரண்டே தட்டு. தனலட்சுமிக்கு அந்தச் சத்தம் பழகிய சத்தம். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பச்சைப் பட்டைக்குள் இருந்த கறுப்புப் புள்ளி சிவப்புக்கு இறங்கியது. நூறு பேர் வரிசையில் சுடலைவடிவு மூன்றாவது ஆள்.

"படம் அதேதானா தம்பி?" என்று கேட்டாள்.

"அதேதான்க்கா. அப்பவே இப்படித்தான் இருந்திருக்கு. எழுபத்தி மூணு வயசுக்காரங்களுக்கு இது சரியான அளவு. அம்பத்தொம்பதுக்கு இது..." அவன் முடிக்கவில்லை. நல்லவன்.

அவனே டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, போனை இவளிடம் கொடுத்தான். ஞானசிகாமணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நானும் இன்னும் கொஞ்சம் துருவிக் கேட்டிருக்கணும்," என்றார். "நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. மாத்திரை ஆரம்பிப்போம். அது நோயைக் குணப்படுத்தாது, கொஞ்சம் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். மாத்திரையவிட முக்கியம், இவங்ககிட்டப் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கணும். பேச ஆளில்லாமப் போனா சீக்கிரம் எறங்கிருவாங்க. வீட்டுல நல்லாப் பேசுதீங்கள்லா?"

தனலட்சுமி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்புறம் எடுத்து, "பேசுதோம் டாக்டர்" என்றாள்.

புது ரிப்போர்ட்டை அச்சிட்டுத் தரமுடியுமா என்று பாக்கியசீலனிடம் கேட்டாள். கார்டில் உள்ள வயதுதான் அச்சாகும், கார்டைத் திருத்திவிட்டு வந்தால் தருகிறேன் என்றான். கார்டைத் திருத்தப் போனால் முதலில் பதிந்தது யார் என்று கேட்பார்கள். அதற்கும் சிஸ்டத்தில் பதில் இருக்கிறது. தாளில் அம்மா எழுபத்து மூன்று வயதில் நன்றாக இருந்தாள். திரையில் மட்டும் ஐம்பத்தொன்பது வயதில் நோயாளியாக இருந்தாள். அவன் திரையை அணைத்தான்.

மத்தியான வெயிலில் தனலட்சுமி வீட்டுக்கு நடந்தாள். பஸ் ஏறத் தோன்றவில்லை. தனக்கு இப்படி ஒரு காரியம் செய்யத் தெரியும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. மாசியில் அம்மாவுக்கு மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தது. சித்திரையில் அழுது மாப்புக் கேட்கத் தெரிந்தது. என்ன தப்பு என்று மட்டும் தெரியவில்லை. அவளுக்கு அது தெரியாது என்பதுதானே நோய். அந்த ஆறு மாதமும் அம்மாவிடம் கொஞ்சமாவது பேச்சு மிச்சம் இருந்தது. அதை எல்லாம் சுவரைப் பார்த்து நின்று கழித்துவிட்டாள். நடக்க நடக்கத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளவேண்டும் போல் இருந்தது. முறைப்படி, யார் மேல் தப்போ அவர்கள்தான் முதலில் பேசவேண்டும்.

சுடலைவடிவு பின்வாசலில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். காய்ந்த துணி ஒன்றை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். தனலட்சுமி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா," என்றாள். "யம்மா, எம் மேலதான் தப்பு. என்னய மன்னிச்சிரு."

சுடலைவடிவு திடுக்கிட்டாள். மடியிலிருந்த துணி கீழே விழுந்தது. இவள் வாயையே உற்றுப் பார்த்தாள். பயம் தெளிந்து, முகம் மலர்ந்தது. பல நாள் கழித்து வந்த மலர்ச்சி.

"அட, ஒனக்குப் பேச வருமா?" என்றாள். "நான் ஒன்ன ஊமைப் பிள்ளைன்னுல்லா நெனச்சிக்கிட்டு இருந்தேன். பாவம், வாய் இல்லாத பிள்ள, எனக்குச் சோறு போடுது, தண்ணி எடுத்து வைக்கி, ஒரு வார்த்தை சொல்லத் தெரியலியேன்னு சாமிகிட்ட எத்தன நாளு அழுதிருக்கேன்."

"யம்மா, நான் தனலட்சுமி. ஒம் மவ."

சுடலைவடிவு சிரித்தாள். பிடித்திருந்த கையை விடுவித்து, சின்னப் பிள்ளையைத் தேற்றுவதுபோல் இவள் கன்னத்தைத் தடவினாள்.

"பொய் சொல்லாத தாயி," என்றாள். "எம் மவ எங்கிட்டப் பேசாம ஒரு நாள்கூட இருக்க மாட்டா."